தோஹாவிலிருந்து வரும் தம்பிக்கு: ஆக்டேவியா ஆர்எஸ் எடுக்கலாமா?

கேள்வி: அண்ணா, எனக்கு ஊர் குளச்சல். பல வருடமாக தோஹாவில் வேலை. வரும் மார்ச்சோடு முடித்துக்கொண்டு ஊருக்கே வந்துவிடப் போகிறேன். வேகமான கார் ஒன்று வைத்திருக்க வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. அதற்கென்று 28 லட்சம் ஒதுக்கியிருக்கிறேன். மூன்று வழி தெரிகிறது. இங்கே நான் ஓட்டும் நிசான் 370 இசட்டை அப்படியே கப்பலில் ஏற்றிவிடலாமா? எர்ணாகுளத்தில் நண்பர் மூலம் ஒரு சுபாரு இம்ப்ரெஸா, ஹிமாச்சல் நம்பர், 9 லட்சத்துக்கு வருகிறது. திருவனந்தபுரத்தில் 2020 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245 ஒன்று, 48,000 கிலோமீட்டர் ஓடியது, ரீமேப் (இன்ஜின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது) செய்தது, 27 லட்சம் சொல்கிறார்கள். தம்பியை அனுப்பி இப்போதே எடுத்து வீட்டில் நிறுத்திவிடலாம் என்று யோசிக்கிறேன். அப்பாவோ புது ஸ்லாவியா எடு என்கிறார். உங்கள் கருத்து என்ன?
— வாசகர், குளச்சல்

பதில்:

தம்பி, முதல் இரண்டு வழியையும் இப்போதே மூடிவிடலாம். மூன்றாவதில் விஷயம் இருக்கிறது, ஆனால் 27 லட்சத்துக்கு வேண்டாம், இப்போதும் வேண்டாம்.

370 இசட் நல்ல வண்டி. நிசான் ஒரு காலத்தில் இந்தியாவிலும் அதை விற்றது. ஆனால் உங்களிடம் இருப்பது கத்தாரில் வாங்கியது, ஸ்டீயரிங் இடது பக்கம். பயன்படுத்திய காரை இந்தியாவுக்குள் கொண்டுவர வேண்டுமென்றால் ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்க வேண்டும், தயாரித்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் இறக்க வேண்டும். இதையெல்லாம் தாண்டினாலும் சுங்க வரி வண்டியின் மதிப்பையே மிஞ்சும். கார்னே என்ற ஆவணத்தில் தற்காலிகமாகக் கொண்டுவந்து ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். அது ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கான ஏற்பாடு, கெடு முடிந்ததும் வண்டி நாட்டை விட்டுப் போயாக வேண்டும். அங்கேயே நல்ல விலைக்கு விற்றுவிட்டு வாருங்கள்.

சுபாரு விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகவே பேச வேண்டியிருக்கிறது. இம்ப்ரெஸா இந்தியாவில் எந்த ஷோரூமிலும் விற்ற வண்டி இல்லை. சுபாரு என்று நம் ரோட்டில் முறையாக ஓடியது ஃபாரெஸ்டர் மட்டும்தான், அதுவும் செவ்ரோலே பெயரில். அப்படியானால் இந்த இம்ப்ரெஸா எப்படி உள்ளே வந்தது? வெளிநாட்டிலிருந்து நிரந்தரமாகத் திரும்பிய ஒருவர் தன் சொந்தக் காரைக் கொண்டுவந்திருக்கலாம். யாராவது தனியாக இறக்குமதி செய்திருக்கலாம். ஏதாவது தூதரகத்தின் வண்டியாக இருந்து பிறகு கைமாறியிருக்கலாம். எந்த வழியாக வந்திருந்தாலும் சுங்கத் துறையில் ‘பில் ஆஃப் என்ட்ரி’ என்ற தாள் ஒன்று இருக்கும். அதிலே சேசிஸ் நம்பர் இருக்கும், கட்டிய வரி இருக்கும். விற்கிறவர் அந்தத் தாளைக் காட்டட்டும். காட்ட முடியாவிட்டால் வண்டியைத் தொடவே தொடாதீர்கள்.

2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத் துறை ‘ஆபரேஷன் நும்கோர்’ என்று கேரளம் முழுக்கச் சோதனை நடத்தியது நினைவிருக்கும். பூடானிலிருந்து வரி கட்டாமல் உள்ளே கடத்தி, ஹிமாச்சல் போன்ற மாநிலங்களில் பதிவு செய்து, தெற்கே விற்ற வண்டிகளைத் தேடித்தான் அந்தச் சோதனை. சினிமாக்காரர்கள் வீடுகளிலும் நடந்தது. வடக்கே எங்கோ பதிவான, இந்தியாவில் விற்கவே விற்காத ஜப்பான் வண்டி, நம்ப முடியாத விலையில் எர்ணாகுளத்தில் நிற்கிறது என்றால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். உங்கள் நண்பர் நல்லவராகவே இருக்கலாம், அவருக்கும் தெரியாமல் இருக்கலாம். வரி கட்டாமல் வந்த பொருளைச் சுங்கத் துறை யார் கையில் இருந்தாலும் எடுத்துக்கொள்ள முடியும். ஆர்சி உங்கள் பெயரில் இருப்பதால் அது வண்டியைக் காப்பாற்றாது. ஒன்பது லட்சமும் போய், விசாரணைக்கு எர்ணாகுளத்துக்கும் நடக்க வேண்டிவரும்.

சரி, ஆக்டேவியாவுக்கு வருவோம். இதைத் தேர்ந்தெடுத்த உங்கள் ரசனை கொள்ளாம். 2020 பிப்ரவரியில் டெல்லி அருகே நடந்த ஆட்டோ எக்ஸ்போவில் ஸ்கோடா இதைக் காட்டியது. மொத்தம் 200 வண்டிதான், முழுக்க வெளிநாட்டில் கட்டி இறக்கியவை, ஷோரூம் விலை 35.99 லட்சம். 2 லிட்டர் டர்போ பெட்ரோல், 245 குதிரைத்திறன், 370 நியூட்டன் மீட்டர் டார்க், 7 கியர் டிஎஸ்ஜி, அதாவது கிளட்ச் மிதிக்க வேண்டாத ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். நூறைத் தொட 6.6 விநாடி. இவ்வளவும் இருந்து, பின்னால் மூன்று பேரையும் ஒரு கல்யாண வீட்டுச் சாமானையும் ஏற்றிக்கொண்டு போகலாம். கம்பெனியே இறக்கிய வண்டி என்பதால் சுங்கக் கவலையும் இல்லை. இதற்கு முன்னால் 2017-இல் வந்த ஆர்எஸ் 230 ஔரங்காபாத்தில் பாகங்களைப் பூட்டிச் செய்தது. இது அப்படி அல்ல.

200 வண்டி என்பதுதான் இதன் பெருமையும் தொல்லையும். இன்ஜினைப் பொறுத்தவரை பயமில்லை. இதே குடும்பத்து 2 லிட்டர் டிஎஸ்ஐ இன்ஜின் சூப்பர்ப், கோடியாக், டிகுவான் என்று நம் நாட்டில் நிறைய ஓடுகிறது. ஃபில்டர், பிளக், காயில், வாட்டர் பம்ப் எல்லாம் கிடைக்கும், கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார். ஆனால் ஆர்எஸ்-க்கு மட்டுமே உள்ள சாமான்கள் வேறு கதை. முன் பம்பர், ஹெட்லைட், சீட், பெரிய பிரேக் டிஸ்க், முன் ஆக்சிலில் இருக்கும் மின்னணு லாக்கிங் டிஃபரன்ஷியல் (சக்கரம் வழுக்காமல் சக்தியைப் பிரித்துக் கொடுப்பது) இவற்றில் ஒன்று போனால் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். வாரக்கணக்கில் காத்திருக்கலாம், மாதமும் ஆகலாம். ஒரு பைக்காரர் வில்லுக்குறியில் முன் பம்பரில் இடித்துவிட்டுப் போனால்கூட வண்டி ஒர்க்‌ஷாப்பில் படுத்துவிடும். அதனால் இது வீட்டின் ஒரே காராக இருக்கக் கூடாது. அப்பாவுக்கு ஆஸ்பத்திரிக்கோ சந்தைக்கோ போக வேறு வண்டி இருக்கிறதா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. இல்லையென்றால் இந்தத் திட்டத்தையே மறுபடி யோசியுங்கள்.

அடுத்தது ரீமேப். விற்கிறவர்கள் இதை ஒரு சிறப்பாகச் சொல்வார்கள், நான் விலை குறைக்க வேண்டிய காரணமாகப் பார்க்கிறேன். ஸ்டேஜ் 1 ரீமேப் போட்டால் இந்த வண்டி 300 குதிரைத்திறன் பக்கம் போகும், டார்க் கியர்பாக்ஸ் தாங்கக்கூடிய அளவின் ஓரத்துக்கே போய்விடும். 48,000 கிலோமீட்டரில் எத்தனை ஆயிரம் அப்படி ஓடியது, யார் எந்த மென்பொருள் கோப்பைப் போட்டார்கள், பழைய கோப்பு கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். சைலன்சர் பக்கம் டவுன்பைப் என்ற குழாயை மாற்றி, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட்டைக் கழற்றியிருந்தால், ஒரிஜினல் பாகத்தைத் திருப்பி மாட்டித் தந்தால்தான் பேச்சே. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதை அனுமதிப்பதில்லை. பெரிய விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து நிற்கும்போது இது உங்கள் தலையில் விழும். என் நிபந்தனை இதுதான்: விற்பவர் தன் செலவில் ஒரிஜினல் மென்பொருளுக்குத் திருப்ப வேண்டும், அதன் பிறகு குறைந்தது ஒரு வாரமாவது சாதாரணமாக ஓட்டி, ஸ்கேனரில் பிழை எதுவும் வராமல் இருக்க வேண்டும். ஒரிஜினலில் 245 குதிரை. குளச்சல் திங்கள்நகர் ரோட்டுக்கு அதுவே ரொம்ப அதிகம்.

பார்க்கப் போகும்போது தம்பியைத் தனியாக அனுப்பாதீர்கள். இந்த இன்ஜினையும் கியர்பாக்ஸையும் கழற்றிப் பார்த்த மெக்கானிக் ஒருவர் கூடப் போகட்டும், வண்டியை லிஃப்டில் ஏற்றாமல் முடிவு சொல்ல வேண்டாம். காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போகச் சொல்லுங்கள். வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறோம் என்று திரும்பிவிடலாம். வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த அந்த பிளாஸ்டிக் கூடு இந்த இன்ஜினின் தெரிந்த பலவீனம். கூலன்ட் கசிந்து ரோஸ் நிறத்தில் காய்ந்த கறை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். டிஎஸ்ஜியை நெரிசலில் ஓட்டிப் பாருங்கள். கரமனையிலிருந்து பாலராமபுரம் வரை சாயங்காலம் ஊர்ந்தால் போதும், முதல் இரண்டு கியரில் உதறல் இருந்தால் தெரிந்துவிடும். அந்த கியர்பாக்ஸ் ஆயிலை 60,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுவது நல்லது. லாக்கிங் டிஃபரன்ஷியலுக்கென்று தனி ஆயில் ஒன்று இருக்கிறது, மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், பலர் மறந்துவிடுவார்கள். சர்வீஸ் பில்லில் அது இருந்தால் வண்டியை வைத்திருந்தவர் விஷயம் தெரிந்தவர் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

2023 அக்டோபர் மழையில் திருவனந்தபுரத்தில் பல இடம் மூழ்கியது. அந்த நேரத்தில் வண்டி எங்கே நின்றது என்று கேட்பதில் தப்பில்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்து மண் கோடு தெரிகிறதா, சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளம் துருப்பிடித்திருக்கிறதா, ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தில் சேறு காய்ந்திருக்கிறதா என்று கவனிக்கச் சொல்லுங்கள்.

இனி பணக் கணக்கு. கேட்கும் 27 லட்சத்தோடு செலவு நிற்காது. இது கேரளப் பதிவு. திருவனந்தபுரம் ஆர்டிஓவில் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, உங்கள் முகவரி நாகர்கோவிலுக்கு வருகிறதா மார்த்தாண்டத்துக்கு வருகிறதா என்று பார்த்து, டிஎன் 74-ஓ 75-ஓ என்று நம்பர் மாற்ற வேண்டும். கூடவே தமிழ்நாட்டு ஆயுள் வரி. 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு 20 சதவீதம் வரி. பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துக் குறையும், ஆனாலும் இந்த விலை வண்டிக்குச் சில லட்சங்கள் வந்துவிடும். வண்டி நம்பரையும் விலையையும் சொல்லி ஆர்டிஓ அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, தொகையைத் தெரிந்துகொண்ட பிறகு விலை பேசுங்கள். கேரளத்தில் கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்க வழியிருக்கிறதா என்று விற்பவரை அங்கே விசாரிக்கச் சொல்லுங்கள். கிடைக்குமென்றால் அதையும் பேரத்தில் சேர்க்கலாம்.

நம் மாவட்டத்தில் கேஎல் நம்பரோடு வருடக்கணக்கில் ஓடும் வண்டிகள் களியக்காவிளை முதல் நாகர்கோவில் வரை நிறையவே உண்டு. அதைப் பார்த்து நீங்களும் அப்படியே விட்டுவிட நினைக்காதீர்கள். 12 மாதத்துக்குள் நம்பர் மாற்ற வேண்டும் என்பது சட்டம். மாதச் சம்பளத்துக்கு ஓடும் ஆல்டோவை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், இந்த வண்டியை எல்லாச் செக்போஸ்ட்டிலும் திரும்பிப் பார்ப்பார்கள். இன்சூரன்ஸை வாங்கிய 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அதனால் பிரீமியம் கூடும். மழைத் தண்ணீரில் இன்ஜின் கெட்டால் பணம் தரும் கூடுதல் பாலிசியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நமக்குத் தென்மேற்கும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும்.

வாங்கியதும் எல்லா ஆயிலும், பிரேக் பேட், பேட்டரி, தேவைப்பட்டால் நாலு டயர். இதில் இருப்பது 225/40 ஆர் 18 டயர். நல்ல கம்பெனியில் நாலும் மாற்றினால் 60,000 ரூபாய்க்கு மேல் ஆகும். சுவர் இவ்வளவு மெலிந்த டயர் நம் ரோட்டுக் குழியில் விழுந்தால் அலாய் வளையும், டயர் பக்கவாட்டில் புடைக்கும். களியக்காவிளை கன்னியாகுமரி நாலு வழிச்சாலை வேலை எத்தனை வருடமாக நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அது முடிகிற வரை மார்த்தாண்டம் பாலத்தை விட்டு இறங்கினால் பழைய ரோடுதான். ஊருக்குள் இருக்கும் ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டும். ஆட்கள் ஏறியிருந்தால் சாய்த்து ஏற்ற வேண்டும். இந்த வண்டியை நிம்மதியாக நீட்டி ஓட்ட காவல்கிணறு தாண்டித் திருநெல்வேலி போகும் ரோடு இருக்கிறது, அங்கேயும் சட்டப்படி நூறுதான். அதற்கு மேல் பார்க்க ஆசை வந்தால் கோயம்புத்தூரில் காரி ரேஸ் டிராக் இருக்கிறது. காசு கட்டி அங்கே ஓட்டுங்கள், ரோட்டில் வேண்டாம். இதை நான் உங்கள் வீட்டு ஆள் போலவே சொல்கிறேன்.

பெட்ரோல் விஷயமும் யோசிக்க வேண்டியதுதான். இந்த வண்டி 10 சதவீத எத்தனாலுக்குச் செய்தது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம். ஒரேயடியாக எதுவும் உடைந்துவிடாது, ஆனால் ரப்பர் குழாய்களையும் பம்பையும் சர்வீஸ் தோறும் பார்க்கச் சொல்லுங்கள், மைலேஜும் கொஞ்சம் குறையும். 95 ஆக்டேன் போடுங்கள். பெட்ரோல் நிரப்பி ஒரு மாதம் அசையாமல் நிறுத்துவதுதான் இதில் மிகக் கெட்டது.

அதனால்தான் ‘இப்போதே எடுத்து வீட்டில் நிறுத்திவிடலாம்’ என்பதற்கு நான் வேண்டாம் என்கிறேன். குளச்சலில் உங்கள் வீடு கடற்கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதவில்லை, எப்படியும் உப்புக் காற்று வரும். ஓடாமல் நிற்கும் காரின் பிரேக் டிஸ்க் சில நாளிலேயே துருவேறும். மாதக்கணக்கில் நின்றால் காலிப்பர் இறுகும், ஏசி கண்டென்சரின் அலுமினியம் பூக்கும், சென்சார் கனெக்டரில் பச்சை படியும், பேட்டரி இறங்கும். தென்னந்தோப்புப் பக்கம் என்றால் எலி வயரைக் கடிக்கும். இப்படி ஒயர் கடிபட்டு வரும் ஐரோப்பிய வண்டிகளில் தவறு எங்கே என்று தேடுவதற்கே நாள்கள் போகும். ஓட்டுகிற ஆள் ஊரில் இருக்கும்போது வண்டி வரட்டும். வந்த பிறகு வாரத்துக்கு ஒருமுறையாவது அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மண்டைக்காடோ முட்டமோ கடலோரம் போய்வந்தால் அன்றே கழுவுங்கள். முதல் மாதத்திலேயே லிஃப்டில் ஏற்றி, துரு இல்லாத இடத்தில் அண்டர்பாடி கோட்டிங் அடித்துவிடலாம். துரு பிடித்த இடத்தில் அதன் மேலேயே அடித்தால் உள்ளே இன்னும் தின்னும், சுரண்டிச் சுத்தம் செய்த பிறகுதான் அடிக்க வேண்டும்.

இப்போது உங்கள் 28 லட்சத்தைப் பிரித்துப் பாருங்கள். 5 லட்சத்தைத் தொடவே தொடாமல் வண்டிக்கென்று வங்கியில் போட்டு வையுங்கள். கியர்பாக்ஸோ ஹெட்லைட்டோ போகும் நாளில் அது இல்லையென்றால் இந்த வண்டி ஷெட்டிலேயே கிடக்கும். அப்படிக் கிடந்து பாதி விலைக்குப் போன நல்ல வண்டிகளைப் பார்த்து எனக்கு மனசு நொந்திருக்கிறது. வரிக்கும் பெயர் மாற்றத்துக்கும் ஒரு தொகை, முதல் சர்வீஸுக்கும் டயருக்கும் ஒரு தொகை. இதெல்லாம் போக மிச்சம் 19, 20 லட்சம் என்றால் அதுதான் நீங்கள் இந்த ஆக்டேவியாவுக்குக் கொடுக்கக்கூடிய விலை. அந்த விலைக்கு அவர் தரமாட்டார் என்றே நினைக்கிறேன். அப்படியானால் அவரிடம் நன்றி சொல்லி விடுங்கள், கடன் வாங்கி இடைவெளியை நிரப்ப வேண்டாம்.

அப்பா சொல்லும் ஸ்லாவியாவை நான் குறைத்துப் பேசமாட்டேன், 1.5 டர்போ 150 குதிரைத்திறன், கம்பெனி உத்தரவாதத்தோடு. ஆனால் உங்கள் ஆசைக்கும் அப்பாவின் கவலைக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது: 2021 முதல் 2023 வரை இங்கேயே பூட்டிய ஆக்டேவியா, 2 லிட்டர், 190 குதிரைத்திறன், அதே குடும்பத்து இன்ஜின். பாகம் கிடைப்பது சுலபம், அடியும் ஆர்எஸ் அளவுக்குத் தாழ்வில்லை, தினமும் ஓட்டலாம். தமிழ்நாட்டுப் பதிவு வண்டி திருநெல்வேலி, மதுரைப் பக்கம் அமைந்தால் வரிச் செலவும் மிச்சம். மார்ச்சில் ஊருக்கு வந்ததும் இதையும் ஆர்எஸ்-ஐயும் ஒரே வாரத்தில் ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் ஆர்எஸ்தான் வேண்டும் என்று தோன்றினால், சேசிஸ் நம்பர், எல்லா சர்வீஸ் பில், இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரம் மூன்றையும் எனக்கு அனுப்புங்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அனுப்புங்கள்.